தாழ்ப்பாளில் கை வைத்தவர்

பகலவன் காலையில் எழுந்து பல் துலக்கி, ஒரு தம்ளர் டீ போட்டுக் குடித்துவிட்டு, வாளித் தண்ணீரோடு டாக்கீஸுக்குப் போய், திரையில் நிற்கும் நடிகர் பொன்வேலின் முகத்தைத் துடைப்பான். மூங்கில் கழியின் நுனியில் ஈரத்துணி கட்டியிருக்கும். முதலில் நெற்றி, பிறகு தோள், கடைசியாகத் தாழ்ப்பாளில் வைத்திருக்கும் வலது கை. கீற்று ஒழுகி அவர் சட்டை நனைந்திருந்தால் அன்று துடைக்க மாட்டான். எண்பத்தேழு புரட்டாசியிலிருந்து அவர் அங்கேதான் நிற்கிறார்.

கச்சிராயப்பாளையத்து டூரிங் டாக்கீஸுக்குத் தனிப் படப்பெட்டி வந்ததில்லை. ஒரே பெட்டியைச் சின்னசேலத்துக் கொட்டகையும் இதுவும் பகிர்ந்துகொண்டன. அங்கே முதல் பாதி ஓடி முடிந்ததும் அம்மாசி அந்தச் சுருள்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு வருவான். இங்கே அது ஓடி முடிவதற்குள் திரும்பிப் போய் மறுபாதியைக் கொண்டுவந்துவிடுவான். பகலவன் ஆபரேட்டர். வரலாற்றில் பி.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வேலை வரும்வரைக்கும் என்று மெஷின் அறைக்குள் நுழைந்தவன். அவன் மனைவி மணிமொழி ஒவ்வொரு படத்துக்கும் பெண்கள் பக்கத்தில் கம்பத்தை ஒட்டி உட்காருவாள். பொன்வேலும் ஒரே இயக்குநரும் சேர்ந்து வரிசையாக ஆறு படம் கொடுத்திருந்தார்கள். ஒன்றுகூடச் சோடை போகவில்லை. கடுக்காய் பொறுக்குகிறவர்கள் வெள்ளிமலையிலிருந்து நடந்தே இறங்கி வந்து பார்த்தார்கள். அதெல்லாம் இயக்குநரின் கெட்டிக்காரத்தனம் என்பான் பகலவன். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"ஒரு கதவத் தொறக்கறதுக்கு முன்ன அவரு நிக்கறாரு பாரு மாமா. உள்ள இன்னா இருக்குதோன்னு நமக்குப் பகீர்ங்குது. அத எந்த டைரக்டரு சொல்லிக் குடுத்தான்?"

"ஏழாவது ஊத்திக்கும் பாரு. யாரா இருந்தாலும் ஏழாவதுல மாட்டுவான்."

"ஓடட்டும். அப்புறம் வச்சிக்கறேன் உன்ன."

ஏழாவது படத்தின் முதல் பாதி வந்து சேர்ந்த அன்று மாலை, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. அம்மாசி மறுபாதியை எடுக்கத் திரும்பிப் போனான். அவன் சின்னசேலம் போய்ச் சேர்ந்த பிறகு, பின்னால் சாலையோரத்துப் புளியமரங்கள் குறுக்கே விழுந்தன. இங்கே பொன்வேல் ஒரு மூடிய கதவின் முன் வந்து தாழ்ப்பாளில் கை வைத்தார். இடைவேளை. பகலவன் மெஷினை நிறுத்திவிட்டு விளக்குகளைப் போட்டான். பொன்வேல் போகவில்லை. சுருளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தபோதும் அவர் நின்றுகொண்டிருந்தார். சனங்கள் முறுக்கு தின்று காத்திருந்தார்கள். மரம் வெட்டியவர்களில் ஒருவனான கண்ணாயிரம் மெஷின் அறைக்கு ஏறி வந்தான்.

"பெட்டி இன்னும் வரலியா?"

"எப்படி வரும்? ரோட்டுல மரத்தப் போட்டதே நீதானே?"

"பஸ்ஸுக்குத்தான்டா போட்டோம். பெட்டிக்கா போட்டோம்?" திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உன் படிப்புக்கும் சேத்துத்தான் வெட்டறோம். கோச்சிக்காத."

மறுநாள் மணிமொழிக்குக் காய்ச்சல் கண்டது. அதற்கு மறுநாள் இழுப்பு வந்தது. ஊர் வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உடனே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அந்தச் சாலையிலும் மரங்கள் கிடந்தன. கார்க்காரர்கள் வர மறுத்தார்கள். கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கினார்கள். முன்காலைக் கண்ணாயிரம் பிடித்தான். டாக்கீஸின் பக்கத் தட்டிகள் பகலில் திறந்திருக்கும். அந்த இடம் வந்ததும் அவள் கட்டிலை இறக்கச் சொன்னாள். தாழ்ப்பாளில் வைத்த கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பகலவனின் சட்டையைப் பிடித்துக் குனியவைத்து ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வழியில், தானே வெட்டிய மரத்தின் மேல் ஏற்றிக் கட்டிலைத் தாண்டவைக்கும்போது, கட்டில் கனக்கிறது என்றான் கண்ணாயிரம். இறக்கிப் பார்த்தார்கள். அங்கிருந்தே திரும்பினார்கள்.

ஒரு வாரத்தில் சாலை திறந்தது. அம்மாசி மறுபாதியைக் கொண்டுவந்து வைத்தான். சனம் கூடியது. பகலவன் பெட்டியைத் திறக்கவில்லை. முதலாளி கொளஞ்சியப்பன் சத்தம் போட்டுப் பார்த்தார், பிறகு கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் பெட்டியைத் திருப்பி அனுப்பினார். ஊரார் சின்னசேலம் போய் மீதியைப் பார்த்து வந்தார்கள். அதை யாராவது பேச ஆரம்பித்தால் பகலவன் எழுந்து போய்விடுவான். கண்ணாயிரமும் பார்த்தான். அவன் மட்டும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

பொன்வேலின் வரிசை பதினொன்றுவரை போனதாகச் சொல்கிறார்கள். பன்னிரண்டாவது படுத்துவிட்டது. அதற்கப்புறம் எதுவும் எழவில்லை. அவர் பருத்துப்போய் அப்பா வேஷங்களுக்கு வந்தார். அந்தப் படங்களும் இங்கே ஓடின. திரையில் நரைத்த பொன்வேல், கதவருகே நிற்கும் பொன்வேலைக் கடந்து போவார். இங்கே நிற்கிறவருக்கு இன்னும் ஏழாவது படம் முடியவில்லை, ஒன்றுகூடத் தோற்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு, டிக்கெட் கிழிக்கும் பெரியம்மாள் சொல்லிவிடுவாள்: "அவரு பாட்டுக்கு நிப்பாருங்க. நீங்க படத்தப் பாருங்க." போராட்டத்தில் கேட்டதில் ஒரு பங்கு கிடைத்தது. பகலவனுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. போகவில்லை. காலையில் துடைக்க ஆள் வேண்டும் என்றான். அது சரிதான் என்று ஊரும் விட்டுவிட்டது.

மணிமொழி அன்று கட்டிலில் என்ன சொன்னாள் என்பதற்கு ஊரில் பல பேச்சு உண்டு. தண்ணீர் கேட்டாள் என்பார்கள். காப்பாற்றச் சொன்னாள் என்பார்கள். அம்மா வீட்டுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னதைத் தானே கேட்டதாகப் பெரியம்மாள் சத்தியம் செய்வாள். அவள் சொன்னது இதுதான்:

"ரெண்டாம் பாதியப் பாத்துட்டு வந்து சொல்லு மாமா. நான் முழிச்சிக்கினுதான் இருப்பேன்."