நாச்சியப்பன் சுமந்துபோன நாலு கிலோ

அந்த மலிவுக் கட்டண விமானத்தில் ஆளுக்கு ஏழு கிலோதான் அனுமதி. பயணி அதுவரை இணையத்தில் எழுதியவையும் அந்த ஏழு கிலோவுக்குள் வர வேண்டும். டிக்கெட்டின் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை உமையாள் படித்திருந்தாள். அதனால்தான் மாற்றுத்துணி இரண்டே செட் எடுத்துக்கொண்டு, இருப்பதிலேயே இலேசான செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஆனாலும் கைப்பையோடு தராசின் முன் நின்றபோது பதினொன்று காட்டியது.

உமையாளுக்குத் தேவகோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கூட்டமில்லாத மதிய நேரங்களில் 'வெயில்காரி' என்ற பெயரில் பதினோரு வருடமாக எழுதிவந்தாள். சாக்கடை, சினிமா, சமையல், சட்டசபை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. யாரும் எதையும் எழுதலாம், எழுதியவர் பெயரை மட்டும் கேட்கக் கூடாது என்பது அவள் கட்சி. அதையே இருநூறு தடவை எழுதியிருப்பாள். அவள் கணவர் நாச்சியப்பன் நில அளவையர். இணையத்தில் ஒரு எழுத்துகூடப் போட்டதில்லை. அவர் நின்றபோது தராசு மூன்றைத் தாண்டவில்லை.

"நாலு கிலோ அதிகம் மேடம். அழிச்சிடறீங்களா, இல்ல சார் பேருக்கு மாத்திடவா?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"ஒரு எழுத்தைக்கூட அழிக்க மாட்டேன்."

"அப்ப மாத்திடறேன். கனமானதா நாலே நாலு எடுத்தாப் போதும்."

"எது கனம்? நான் திட்டி எழுதினதா?"

"திட்டினதெல்லாம் எடையே இருக்காது மேடம். பதில் வராததுதான் கனம்."

அந்தப் பெண் நாலு பதிவுகளைத் தாளில் எடுத்து மடித்து நாச்சியப்பனின் பைக்குள் வைத்தாள். எந்த நாலு என்று உமையாளுக்குக் காட்டவில்லை.

"சரி," என்றார் நாச்சியப்பன். எதற்கும் அவர் சொல்வது அதுதான்.

போய் இறங்கிய நாடு சிறியது. குடியேற்ற அதிகாரி தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் நாட்டு மொழியில்தான் பேசினாள், இருவருக்கும் புரிந்தது.

"இங்கே எதையும் சொல்லலாம். எதற்கும் தடை கிடையாது. ஆனால் சொன்னவர் நேரில் நின்று சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் கேட்டு முடிக்க வேண்டும்."

உமையாளின் பையில் இருந்தவற்றுக்கெல்லாம் யாராவது பதில் எழுதியிருந்தார்கள். அவை கேட்டு முடிந்த கணக்கில் சேர்ந்தன. அவளுக்கு முத்திரை குத்தப்பட்டது. நாச்சியப்பனைக் கேட்பு அறைக்கு அனுப்பினார்கள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று உமையாள் கேட்டாள்.

"கேட்டு முடியும் வரை."

அவள் தனியாக விடுதிக்குப் போனாள். ஒரே அறையில் பதினாறு அடுக்குக் கட்டில்கள். அவர்கள் எடுத்திருந்த சுற்றுலாவில் கடலைப் பக்கவாட்டில் பார்ப்பது மட்டுமே அடக்கம். மற்றவர்களோடு வரிசையில் நின்று, கழுத்தைத் திருப்பாமல் பார்த்துவிட்டு வந்தாள். நன்றாக இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் கேட்பு அறைக்குப் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாச்சியப்பன் எழுந்து நின்று முதல் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். தேவகோட்டை பேருந்து நிலையத்துச் சாக்கடை பற்றி அவள் எழுதியது. தண்ணீர் எந்தப் பக்கம் வாட்டமாக ஓட வேண்டும் என்று கையைச் சாய்த்துக் காட்டினார். எதிரே கேட்பவர் நாற்காலிகளில் இருந்த ஆறு பேரும் தங்கள் கைகளைச் சாய்த்துப் பார்த்துத் தலையசைத்தார்கள். அடுத்தது, கலவரம் என்று சொல்லி ஓர் ஊரில் இணையத்தை நிறுத்தியபோது எழுதியது.

"வாயைக் கட்டிட்டு, வலிக்குதான்னு கேட்டா எப்படிச் சொல்றது?" என்று படித்துவிட்டு நாச்சியப்பன் நிமிர்ந்தார். கேட்டவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அருமையாகச் சொன்னீர்கள்," என்றார் இன்னொருவர். நாச்சியப்பன் கூச்சத்தோடு கும்பிட்டார்.

உமையாளுக்குக் குழப்பமாக இருந்தது. பெயரைக் கேட்கக் கூடாது என்று இருநூறு தடவை எழுதியவளுக்கு, அது என்னுடையது என்று எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. அவர் வாயில் அது இன்னும் நியாயமாகப் பட்டது. பெருமைப்படுவதா, பறிகொடுத்ததாக நினைப்பதா என்று தெரியாமல் பெஞ்சின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தாள், வெள்ளைப் பணியாரத்துக்குச் சோடா உப்பு தேவையில்லை என்பது. அதைக் கேட்டு முடிக்க ஒரு முழுநாள் ஆனது.

கடைசி நாள் காலையில் நாச்சியப்பன் நாலாவது தாளைப் பிரித்தார்.

"என் கணவர் என்னை ஒரு கேள்வி கேட்டு எட்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கும் கேட்டது, குடை எங்கே என்பதுதான்."

ஒரு மதியம், இருமல் மருந்துப் பாட்டில்களை அடுக்கி முடித்துவிட்டு உமையாள் அதை எழுதியிருந்தாள். யாரும் பதில் போடவில்லை.

"உங்கள் கணவர் யார்?" என்று ஈரத்துண்டு அதிகாரி கேட்டாள்.

நாச்சியப்பன் தாளைத் திருப்பிப் பார்த்தார். "சரியாத் தெரியலைங்க. நல்ல மனுஷன்தான்னு நினைக்கிறேன்."

"இதை அவரிடம் சொன்னீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

"சரின்னு சொல்லிடுவாரோன்னு பயம்."

அதிகாரி துண்டை எடுத்துப் பிழிந்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினாள். "கணவர் என்று இங்கே உங்கள் பெயர்தான் இருக்கிறது. அப்படியானால் நீங்கள் கேட்பவர் நாற்காலியில் உட்கார வேண்டும்."

நாச்சியப்பன் போய் உட்கார்ந்தார். சொல்கிற இடம் காலியாக இருந்தது. காலியான இடத்தைக் கேட்டு முடிக்க முடியாது என்று அதிகாரி சொன்னாள். அன்று மாலை விமானம்.

உமையாள் எழுந்தாள். "அதை என் பேருக்கு மாத்துங்க."

"எடை கூடிவிடுமே."

"கூடட்டும்."

"கேட்டு முடிந்தால் எடை இருக்காது," என்று அதிகாரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெயரைத் திருத்தினாள். "பெயர்?"

"வெயில்..." என்று தொடங்கி நிறுத்தினாள். "உமையாள்."

எதிரே நின்று அந்த இரண்டு வரியைச் சொன்னாள். குரல் இருக்கும் என்று நினைத்த இடத்தில் இல்லை. கொஞ்சம் கீழே இருந்தது. நாச்சியப்பன் கேட்டார். இரண்டு வரியைக் கேட்டு முடிக்க அவருக்கு மத்தியானம் வரை ஆனது. அவ்வளவு நேரமும் அவர் சரி என்று சொல்லவில்லை.

பிறகு, "அன்னிக்குக் குடை எங்கே இருந்துச்சு?" என்றார்.

"நான்தான் எடுத்துட்டுப் போயிருந்தேன்."

"எங்க போனே?"

"எங்கயும் போகலை. கண்மாய்க்கரை வரைக்கும் மழையில நடந்துட்டு வந்தேன்."

"நனைஞ்சியா?"

"நல்லா நனைஞ்சேன். குடையை விரிக்கவே இல்லை."

"ஏன் உமையா?"

அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அதிகாரி தாளை மேசையில் வைத்து ஊதினாள். அது மேசையை விட்டு எழும்பிப் போயிற்று. நாச்சியப்பனின் கடவுச்சீட்டில், வந்ததற்கும் கிளம்பியதற்கும் சேர்த்து ஒரே முத்திரையாகக் குத்தினாள். விமானம் ஏறும் வரை அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்கு எந்த மருந்தின் வாடை பிடிக்காது, பெஞ்ச் கடினமாக இருந்ததா, கடல் எப்படி இருந்தது. கடைசிக் கேள்விக்கு, "பக்கவாட்டில் நல்லா இருந்தது," என்றாள்.

விடிந்து வந்து இறங்கியதும், வெளிவாசலில் இருந்த ஊழியர் அவர்கள் டிக்கெட்டைப் பார்த்தார்.

"இந்தக் கட்டணத்துல சொந்த வீடு அடங்காது சார். இனி இந்த வீடுதான்," என்று ஒரு சாவியையும் தாராபுரத்து முகவரி ஒன்றையும் கொடுத்தார்.

பேருந்து பிடித்துப் போனார்கள். சாவி பொருந்தியது. உள்ளே ஒரு குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. அவர்கள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள். பரிமாறிக்கொண்டிருந்த அம்மாள் உமையாளின் தட்டில் சோற்றைப் போட்டு, பெற்ற மகளைக் கேட்பதுபோல், "பரீட்சை எப்படி எழுதியிருக்கே கண்ணு?" என்றாள்.

"கணக்குதாம்மா கொஞ்சம் கஷ்டம்," என்றாள் உமையாள். ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தாள்.