மணல் மூட்டை வைத்த தோணிகள்

களுவாஞ்சிக்குடி ஆங்கில மாலை வகுப்பில் ஹலீம் சேர் அன்றைக்குக் கொடுத்த சொல் ‘அன்ஸ்டெடி’. கால் ஆடும் மேசைக்குச் சொல்லலாம், நடை பழகும் பிள்ளைக்குச் சொல்லலாம், அழப்போகிறவள் குரலுக்கும், குடியாலோ வயதாலோ பயத்தாலோ நடுங்கும் கைக்கும் சொல்லலாம் என்றார். கம்சாயினி ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினாள். நிச்சயமில்லாத இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுவது அவள் வழக்கம். சொந்தமாக ஒரு வசனம் கேட்டபோது, ‘சுனாமிக்குப் பிறகு என் அப்பா அன்ஸ்டெடி’ என்று எழுதினாள். சேர் ‘குட்’ என்றார். அவள் அதற்குப் பக்கத்திலும் கேள்விக்குறி போட்டாள்.

அம்மாவைக் கடல் கொண்டுபோன பிறகு அப்பா அழகரத்தினம் கடலுக்குப் போகாமல், கரையை ஒட்டிய உப்பேரியான களப்பில்தான் மீன்பிடித் தொழில் செய்தார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று செட்டிபாளையத்து ஆட்களுக்கு பைபர் தோணிகள் கொடுத்திருந்தது. உட்கார்ந்திருந்தபடி எஞ்சினில் ஓட அவை நல்லவை; எஞ்சினைப் பிறகு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். களப்பிலோ தோணியின் முன்முனையான அணியத்தில் எழுந்து நின்றுதான் வலை வீசவேண்டும். நின்றால் தோணி உருளும்.

நிறுவனத்தார் பார்க்க வருகிற நாளில் எல்லாரும் அடிப்பலகைக்குக் கீழே மணல் மூட்டை வைத்துத் தோணியை அசையாமல் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பாரத்தோடு மீன் ஏற்ற முடியாது. வந்தவர்கள் போனதும் எடுத்துவிடுவார்கள்.

“அண்ணன், நீங்களும் ரெண்டு மூட்ட வைங்க,” என்றான் பக்கத்து வீட்டு வினாயகமூர்த்தி. “குறை சொன்னா எஞ்சினும் தர மாட்டானுகள்.”

“மணல் ஏத்தவா எனக்குத் தோணி?” என்றார் அப்பா.

மறுநாள் நிறுவனத்து வெள்ளைக்காரர் ஒருவர் கமராவோடு வந்தார். ஒவ்வொருவராக நின்று வலை வீசினார்கள். ஒரு தோணியும் அசையவில்லை. அப்பாவின் முறை வந்தது. தோணி உருண்டது. வலையோடு தண்ணீருக்குள் விழுந்தார்.

“அழகண்ணன் மீனோட குடியிருக்கப் போறார்!” என்று ஒருவன் கத்த, கரையே சிரித்தது.

நிறுவனத்தில் வேலை செய்யும் சதீசன் வெள்ளைக்காரரிடம் ஆங்கிலத்தில் பேசியது கம்சாயினிக்குத் தெளிவாகக் கேட்டது. தோணியில் குறையில்லை, இந்த ஆள்தான் அன்ஸ்டெடி, மனைவி போனதிலிருந்து மனம் சரியில்லை, தோணியை வேறொருவருக்குக் கொடுப்போம் என்றான். பிறகு அப்பாவிடம் திரும்பி, “ஒண்டுமில்லண்ணன், திருத்தக் கொண்டு போறம்,” என்று கயிற்றை அவிழ்த்தான்.

“பொய்!” என்றாள் கம்சாயினி. “வேற ஆளுக்குக் குடுக்கப் போறாங்க அப்பா. உங்களுக்கு மனம் சரியில்லையாம்!”

அப்பா நனைந்த வலையோடு கூட்டாளிகளைப் பார்த்தார். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவளுக்குச் சதீசன்மேல் வந்த கோபத்தைவிட அந்தப் பேசாமடந்தைகள்மேல் வந்த கோபம் பெரிது. அதைவிடப் பெரிது, அதே வசனத்தைத் தானும் எழுதியதற்காகத் தன்மேலேயே வந்த கோபம்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வினாயகமூர்த்தியின் தோணிக்குள் ஏறிப் பலகையைக் கிளப்பினாள்.

“ஏய் புள்ள! இறங்கு! பொம்புளப் புள்ளைக்குத் தோணிக்குள்ள என்ன வேல?” என்று வினாயகமூர்த்தி கத்தினான்.

“உங்கட வேலதான் மாமா. வெள்ளக்காரர் போனாப்பிறகு நீங்க செய்யிறத இப்பவே செய்றன்.”

மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தண்ணீரில் தள்ளினாள். தோணி மிதந்து எழும்பி, இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கியது. அவள் கரைக்கு இறங்கி வந்தாள்.

“இப்ப ஏறி நில்லுங்க. வலைய வீசுங்க.”

வினாயகமூர்த்தி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வெள்ளைக்காரர் கமராவை இறக்கினார். எல்லாத் தோணியும் இப்படித்தானா என்று அவளிடமே கேட்டார்.

“எல்லாத் தோணியும்தான் அன்ஸ்டெடி. என் அப்பா இல்லை,” என்றாள் ஆங்கிலத்தில். வசனம் சரியோ பிழையோ, யோசிக்க நேரமில்லை.

கயிற்றை விடும்படி அவர் சதீசனிடம் சொன்னார்.

“எஞ்சினும் போச்சு,” என்றான் வினாயகமூர்த்தி. “உனக்கு இப்ப மனம் குளிர்ந்திச்சா?”

“எங்கட அப்பாவப் பாத்துச் சிரிக்கக்குள்ள உங்களுக்குக் குளிர்ந்திச்சிதானே!”

சதீசன் கையிலிருந்த கயிற்றைப் பறித்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதைக் கை ஆடாமல் வாங்கி, இறுக்கிக் கட்டினார். அவள் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. குடி, வயது, பயம் என்று சேர் சொன்னவற்றில் இது இல்லை. நாளைக்கு வகுப்பில் அவரிடம் சொல்லவேண்டும், கோபத்திலும் நடுங்கும் என்று. அதற்குக் கேள்விக்குறி தேவைப்படாது.