அக்கா சொன்ன யோசனை

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. அங்கே உட்கார்ந்து வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பதுதான் அவள் தொழில். ஆடிட்டர் பரீட்சை எழுதியவள் இல்லை. ஆனாலும் கடைத்தெரு முழுக்க அவளை ஆடிட்டரம்மா என்றே கூப்பிட்டது. மறுத்து மறுத்து அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

மெத்தைக்காரன் மட்டும் அக்கா என்பான். ஒரே ஒரு தையல் மெஷினோடு தொழில் தொடங்கிய காலத்தில், ரசீதுகளையெல்லாம் ஒரு தலையணை உறைக்குள் திணித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தவன். மேஜைமேல் கொட்டினான். பஞ்சு வாங்கிய ரசீதும் பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்கிய ரசீதும் ஒன்றாக விழுந்தன.

"வீட்டுச் செலவும் கடைச் செலவும் இப்படிக் கலந்து கிடந்தா எப்படிப்பா கணக்குப் பார்க்கறது?"

"ரெண்டும் ஒரே பாக்கெட்ல இருந்துதானே அக்கா போகுது!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்க வைத்தாள். மெஷினின் தேய்மானத்தை வருஷா வருஷம் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டிக்கொடுத்தாள். வயசான காலத்துக்கென்று கொஞ்சம் சேர்த்து வைத்தால் அதற்கும் சலுகை உண்டு என்று விரட்டி விரட்டிச் சேமிக்க வைத்தாள். "குறைக்கிறது வேற, மறைக்கிறது வேற. குறைக்கிறதுக்குச் சட்டமே வழி வச்சிருக்கு" என்பாள். அவன் அதைப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் தானே கண்டுபிடித்ததுபோல அளந்துகொண்டிருப்பான்.

அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றபோது, மெத்தை ஏற்றும் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான். அவள் கணவர் பஸ் டிரைவர்; அன்றைக்கு வெளியூர் வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தார். கூடப்பிறந்தவன்கூட இப்படி ஓடி வரமாட்டான் என்று அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

பிறகு ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய மெத்தை ஷோரூம் திறந்தது. தன் மனைவியின் அண்ணன் கடை என்றான் மெத்தைக்காரன். ஒருநாள் அவள் போர்வை வாங்க அங்கே போனாள். கல்லாவில் அவனே உட்கார்ந்திருந்தான். "மச்சான் ஊர்ல இல்லைக்கா, நான் சும்மா பார்த்துக்கறேன்" என்றான். அவளுக்கு என்னவோ உறுத்தியது. ஆனால் தம்பி மாதிரி இருப்பவனிடம் போய்க் குடைந்து குடைந்து கேட்பதா என்று பேசாமல் வந்துவிட்டாள்.

வரி அலுவலகத்திலிருந்து அவனை விசாரணைக்கு அழைத்தபோது, முகமெல்லாம் வெளிறி ஓடி வந்தான்.

"நீங்கதான்க்கா வந்து பேசணும். எனக்கு வாயே வராது."

"பேசறேன். என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடு. அந்தக் கடை உன்னுதா?"

"சத்தியமா மச்சான் கடைதான்க்கா."

அவள் நம்பினாள். மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அவனுக்காக என்னென்ன சொல்ல வேண்டும் என்று தயார் செய்துகொண்டு போனாள்.

அதிகாரிக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே மெத்தைக்காரனைப் பார்த்துக் கேட்டார். "உங்க பேர்ல இன்னொரு வங்கிக் கணக்கு இருக்கு. ஷோரூம்ல விக்கிற பணமெல்லாம் அதுலதான் விழுது. அதை ஏன் காட்டலை?"

இன்னொரு கணக்கா? அவள் திகைத்துப்போய் அவன் பக்கம் திரும்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"எனக்கு என்ன சார் தெரியும்? நான் படிக்காதவன். ரெண்டு பேர் பேர்ல பிரிச்சுக் காட்டினா வரி குறையும்னு அக்காதான் யோசனை சொன்னாங்க. அவங்க காட்டின இடத்துல கையெழுத்து போட்டேன்."

பழியைத் தூக்கி அவள் தலையில் போடும்போதுகூட அக்கா என்றுதான் சொன்னான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

"நான் அப்படிச் சொல்லலை சார். இந்தக் கணக்கையே இப்பத்தான் கேள்விப்படறேன். இவருக்காகப் பேச வந்தேன். இனிமே என்னால பேச முடியாது."

எழுந்து வெளியே வந்தாள். அலுவலகத்து மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

அவள்மீதும் விசாரணை வந்தது. அது முடிவதற்குள் கடைத்தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. முடிதிருத்தும் கடைக்காரர் தன் ஃபைலைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மருந்துக்கடை அம்மாள் எதிரே வந்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "நெருப்பில்லாமப் புகையுமான்னு கேக்கறாங்க" என்று ஒருநாள் கணவரிடம் சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கை கழுவினாள்.

கடைசியில் அவளைக் காப்பாற்றியது அந்த மச்சான்தான். அதுவும் நல்ல மனசால் இல்லை. ஷோரூம் அவன் பேரில் இருந்ததால் வரி அவன் தலையில் விடியும் என்று தெரிந்ததும், ஓடிப்போய் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். கடை மெத்தைக்காரனுடையது, தான் பேரை மட்டும் இரவல் கொடுத்தவன், அந்த அம்மாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று எழுதிக்கொடுத்தான். அவள்மேல் தப்பில்லை என்று ஆயிற்று. மெத்தைக்காரனுக்கு வரியோடு அபராதமும் விழுந்தது.

அடுத்த வாரமே மெத்தைக்காரன் மாடிப்படி ஏறி வந்தான். எதிரே இருந்த நாற்காலியை வழக்கம்போல இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"பயத்துல வாய்க்கு வந்ததை உளறிட்டேன்க்கா. மனசுல வச்சுக்காதீங்க. அப்பீல் பண்ணணும். என் கணக்கு உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

அவள் அலமாரியைத் திறந்து அவனுடைய ஃபைல்களை எடுத்தாள். வருஷ வரிசையில் அடுக்கி அவன் முன்னால் வைத்தாள்.

"அப்பீலுக்குக் கெடு இருக்கு, அதுக்குள்ள போடுங்க. மொத்தமா கட்ட முடியலைன்னா தவணை கேட்டு மனு குடுக்கலாம். வேற ஒரு நல்ல ஆளாப் பாருங்க."

அவன் முகம் மாறிற்று. "என்னக்கா, புதுசா வாங்க போங்கன்னு பேசறீங்க?"

"இங்க வர்றவங்ககிட்ட அப்படித்தான் பேசறது."

கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தான். பிறகு ஃபைல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப்போனான். அதன்பின் வரவில்லை. மெத்தை வேன் தெருவில் போகும் சத்தம் கேட்டால் மட்டும் அவளுக்குக் கொஞ்ச நாள் எழுத்து ஓடவில்லை.

வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் மெல்லத் திரும்பி வந்தார்கள். புதிதாகவும் சிலர் வந்தார்கள். பொம்மை செய்து விற்கும் ஒரு பெண் முதன்முதலாக வந்து உட்கார்ந்து, தேய்மானம் என்றால் என்ன, எந்தச் செலவையெல்லாம் கழிக்கலாம் என்று ஆர்வமாகக் கேட்டாள். ஆடிட்டரம்மா ஒன்றுவிடாமல் பொறுமையாகச் சொன்னாள்.

பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "உன் பேர்லயோ வேற யார் பேர்லயோ, என்கிட்ட சொல்லாத பேங்க் கணக்கு ஏதாவது இருக்கா?"

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "என்ன மேடம், திருடியைக் கேக்கற மாதிரி கேக்கறீங்க?"

ஆடிட்டரம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் பதில் வரும்வரை பேனாவைத் தொடவில்லை.