கத்தாழைத் தண்டில் தீட்டிய கத்தி

விடிந்து பார்த்தால் ராஜம்மாளின் கத்தி சட்டிக்கரி போலக் கறுத்துக் கிடந்தது. யாரைக் குறை சொல்ல? நேற்று ஆவாரம்பட்டை உரித்த களைப்பில், துடைக்காமல் ஈரப் பட்டைக் கட்டுக்குள் செருகிவிட்டுப் படுத்தவள் அவளேதான். தோலையே பதப்படுத்துகிற பட்டை, இரும்பைச் சும்மா விடுமா? துவர்ச்சாறு ராத்திரியெல்லாம் கத்தியின் கூர்மையைத் தின்று தீர்த்திருந்தது.

மேஸ்திரி மஹபூப் பாஷா கத்தியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இன்னாமா இது? வண்டி பூட்றதுக்குள்ள ரெண்டு கட்டு வரணும். இல்லாட்டி நாளைலேர்ந்து உரிக்கிற வேலை உனக்கில்ல. பழையபடி சுமை தூக்கு."

மறுபடியும் சுமையா? மூன்று வருஷம் தலைச்சுமை தூக்கி, கெஞ்சிக் கூத்தாடி, போன வாரம்தான் கத்தி பிடித்திருந்தாள். அந்த மலையடிவாரத்தில் கத்தி பிடித்த ஒரே பெண்.

"ஆம்பூருக்குப் போயி சாணை புடிச்சினு வாக்கா," என்று இளித்தான், கூட உரிக்கும் கன்னியப்பன். "அதுக்குள்ள வண்டி போயிட்டுத் திரும்பிடும்."

போடா போ என்று மனசுக்குள் வைதுவிட்டு ஓடைக்கு இறங்கினாள். காய்ந்த கட்டையில் ஈரமணலைக் கொட்டி, கத்தியைப் போட்டுத் தேய்த்தாள். கறுப்பு போனது. வழவழப்பான ஓடைக்கல்லில் தண்ணீர் தெளித்து, சாய்வு மாறாமல் தீட்டினாள். கூர் வந்தது, விளிம்பில் பிசிறு போகவில்லை. ரயில் பாதையோரம் கத்தாழை பூத்துக் காய்ந்து நின்றது. அதன் தண்டை ஒடித்து, கல்லால் இடித்துப் பிளந்தாள். பஞ்சு போன்ற உள்பக்கத்தில் ஓடை வண்டலைப் பூசி, கத்தியைப் பின்னோக்கி இழுத்து இழுத்துத் தீட்டினாள். முன்கை மயிரில் வைத்துப் பார்த்தாள். சிரைத்துக்கொண்டு போனது. அடி சக்கை! சாறு ஒட்டாதபடி ஆமணக்கு விதையை நசுக்கி எண்ணெயும் தடவிக்கொண்டாள்.

அப்புறம் அவளை யார் பிடிப்பது? அடியில் ஒரு கீறல், நுனிவரை ஒரே உரி. உச்சிவெயிலில் மாடு பூட்டியபோது அவள் பங்காக வண்டியில் ஏறியவை மூன்று கட்டுகள். மேஸ்திரி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

கன்னியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து தன் கத்தியை நீட்டினான். "யக்கா, இதையும் கொஞ்சம்..."

"மொதல்ல தொடைடா. சாறு ஒட்டினு கீது பாரு."

அவன் துண்டால் துடைக்க ஆரம்பித்தான். அவனுக்குப் பின்னால், மேஸ்திரி தம் இடுப்பிலிருந்த கத்தியைச் சத்தமில்லாமல் உருவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.