எட்டு மணி நேரக் காற்று

அந்த மில்லில் அரைத்தது வெங்கச்சங்கல். பால் போல வெள்ளையான கல். அதை மாவாக்கிச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றுவோம். கண்ணாடிக்கும் பெயிண்டுக்கும் போகிறது என்பார்கள். வில்லாபுரம் தாண்டி, அவனியாபுரம் தாண்டி, ரிங் ரோட்டுக்குத் தெற்கே கருவேலங்காட்டுக்குள் ஒரு தகரக் கொட்டகை. சுற்றியிருக்கும் கருவேல மரங்களும் வெள்ளையாகத்தான் நிற்கும். மழை பெய்தால் இரண்டு நாள் பச்சை தெரியும். நான் அங்கே நான்கு வருஷம் இரவு ஷிப்டில் மில் ஓட்டினேன். பிறகு விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முத்துமீனா சாக்குக் கூடத்தில் வேலை பார்த்தாள். மில்லிலிருந்து மாவு இறங்கும் குழாயின் வாயில் சாக்கை மாட்டிப் பிடிக்கிற வேலை. வயது முப்பத்தொன்று. இருமலுக்காக இரண்டு முறை, ஆறாறு மாதம் காசநோய் மாத்திரை தின்றாள். இருமல் போகவில்லை. மூன்றாவதாக கே.கே. நகரில் ஒரு டாக்டரிடம் போனபோது, அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டிருக்கிறார். அதுவரை எவரும் அதைக் கேட்டதில்லை. சொன்னதும், இனி அந்தத் தூசிக்குள் போகாதே, மிச்சமிருக்கும் நுரையீரலையாவது வைத்துக்கொள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மேனேஜர் குருபிரசாத் அந்தச் சீட்டை முழுதாகப் படித்தார். மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். காசநோய் வந்த நெஞ்சு அப்படித்தான் இருக்கும், மில் காற்றில் கோளாறில்லை என்றார். அவர் குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை.

இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். எழுதியவன் நான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் என்பதால் இந்த மாதிரி வேலை என் தலையில்தான் விழும். நாலு முறை பேச்சு நடந்து எதுவும் ஆகாமல், தொழிலாளர் அதிகாரி கடைசியில் ஒரு வழி சொன்னார். வெளியிலிருந்து ஒரு ஆய்வகம் வந்து கூடத்துக் காற்றை ஒரு நாள், எட்டு மணி நேரம் அளக்கட்டும். வரம்பைத் தாண்டினால் தூசி உறிஞ்சும் மெஷின் வைக்கும்வரை கூடத்தை மூட வேண்டும், முத்துமீனாவுக்கு அதே சம்பளத்தில் வெளிவேலை நிரந்தரம். தாண்டாவிட்டால் அவள் கூடத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவள். வேலையை விடுகிற இடத்தில் அவள் இல்லை. முடிவு தெரியும்வரை கேட்டில் உட்கார்ந்து லாரிச் சீட்டு வாங்கட்டும் என்று ஏற்பாடானது.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அளக்கும்போது கருவியில் எந்தத் தரப்பாவது கைவைத்துக் கெடுத்தால், எதிர்த் தரப்பு சொல்வதே சரியென்று ஏற்கப்படும். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவன் நான்தான். கம்பெனி ஏதாவது செய்யும் என்று எனக்கு நிச்சயம்.

அளக்க வந்தவள் சாருலதா. சின்ன வயசுப் பெண். கைபேசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி கொண்டுவந்தாள். அதை இடுப்பு பெல்ட்டில் மாட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு குழாய் முதுகு வழியாக ஏறித் தோளுக்கு வந்து காலரில் கிளிப் போட்டு நிற்கும். குழாய் முனையில் வட்டமான ஒரு டப்பா, அதற்குள் வெள்ளை ஃபில்டர். போட்டிருக்கிறவன் மூக்கு இழுக்கிற அதே காற்றைப் பெட்டியும் இழுக்கும் என்றாள்.

யார் போட்டுக்கொள்வது என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. கண்ணுச்சாமிதான். பதினோரு வருஷமாகக் குழாய் வாயில் நிற்கிறவர். ஒரு நாள் லீவு போட்டதில்லை, ஒரு பொய் சொன்னதில்லை. காலையில் வரும்போதே துவைத்த சட்டை போட்டு வந்தார். சாருலதா கிளிப்பை மாட்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி நின்றார். பெட்டியைக் கழற்றக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்று அவள் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

பக்கத்தில் நின்ற குருபிரசாத் அவர் தோளைத் தொட்டார்.

"அண்ணே, ரொம்ப வெல கூடுன சாமான். ஒங்கள நம்பித்தான் குடுத்துருக்காங்க. பத்திரமாப் பாத்துக்கங்க."

அவர் கண்ணுச்சாமியை அண்ணே என்று கூப்பிட்டு நான் அன்றுதான் கேட்டேன். அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. இரவு ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மில் பேனலுக்கு எதிரே உட்கார்ந்தேன். மில்லுக்குள் கல்லைக் குறைத்துப் போட்டால் தூசி குறையும், மோட்டாருக்குப் பாரம் குறைவதை ஆம்பியர் முள் காட்டிக்கொடுக்கும். எட்டு மணி நேரமும் நான் அந்த முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தரையில் தண்ணீர் தெளிக்காமல் பார்க்க இரண்டு பேர். பின்பக்கக் கதவைத் திறந்து காற்று விடாமல் பார்க்க ஒருவர். கம்பெனி ஒன்றும் செய்யவில்லை. முள் அசையவில்லை. தண்ணீர் தெளிக்க யாரும் வரவில்லை. சாருலதா இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூடத்துக்குள் போய்ப் பெட்டி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, இருமிக்கொண்டே ஆபீஸ் ரூமுக்குத் திரும்பினாள். மூன்று மணிக்குக் கருவியைக் கழற்றினாள். ஃபில்டர் வெள்ளை, மாவும் வெள்ளை. பார்த்தால் எதுவும் தெரியாது. மூன்று வாரத்தில் ரிசல்ட் என்றாள்.

அன்று சாயங்காலம் ரிங் ரோடு டீக்கடையில் கண்ணுச்சாமி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். முகம் எல்லாம் சந்தோஷம்.

"மாப்ள, இம்புட்டுத் தூசிகூட அதுமேல படவிடல தெரியுமா? காலையிலயே துண்ட எடுத்து அந்த டப்பாவ மூடிட்டேன். மத்தியானத்துக்கு மேல மாவு சாஸ்தியாப் பறந்துச்சு. துண்ட நனைச்சு, சொட்டுத் தண்ணி இல்லாமப் பிழிஞ்சு, ரெண்டா மடிச்சுப் போட்டேன். அந்தப் பிள்ள பாக்க வரும்போது மட்டும் எடுத்துக் காட்டுவேன்."

நான் டீயைக் கீழே வைத்தேன். எவ்வளவு நேரம் மூடியிருந்தது என்று கேட்டேன்.

"வேல நேரம் பூராம்தான். என்னைய நம்பிக் குடுத்தத நான் நாசம் பண்ணுவனா?"

அப்போதே எழுந்து சாருலதாவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். அவள் நம்பர் என்னிடம் இருந்தது. நான் செய்யவில்லை. என் மண்டையில் அந்த ஒரு வரிதான் ஓடியது. கைவைத்தது எங்கள் ஆள். சொன்னால் அன்றைக்கே தோற்றோம், நான் எழுதச் சொன்ன வரியாலேயே தோற்றோம். சொல்லாவிட்டால் துணியையும் தாண்டிக் கொஞ்சம் மாவு போயிருக்கலாம். அந்தக் கூடத்துத் தூசிக்கு அந்தக் கொஞ்சமே போதுமாக இருக்கலாம். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். கண்ணுச்சாமியிடமும் சொல்லவில்லை. டீக்கு நன்றி சொன்னேன்.

அந்த மூன்று வாரமும் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது முத்துமீனா கேட்டில் உட்கார்ந்திருப்பாள். லாரிக்காரர்களோடு சண்டை போடுவாள். சீட்டு இல்லாமல் உள்ளே நுழைந்த ஒருத்தனை, இது என்ன ஒங்க மாமியா வீடா என்று கேட்டு வண்டியைப் பின்னால் எடுக்கவைத்தாள். இருமல் நிற்கவில்லை, ஆனால் குறைந்திருந்தது. ராத்திரி படுத்துத் தூங்குகிறேன் அண்ணே என்று ஒரு நாள் சொன்னாள். அதற்கு முன் ஒன்றரை வருஷம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கியிருக்கிறாள். எனக்கு அன்றுதான் தெரியும்.

ரிசல்ட் வந்தது. வரம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதிகாரியின் அறையில் அதை வாசித்ததும் எங்கள் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். எல்லோரையும்விடக் கண்ணுச்சாமி குரல்தான் பெரிதாக இருந்தது. பதினோரு வருஷம் அந்தத் தூசியைத் தின்றவர், அந்த நம்பரை நம்ப அவரால் முடியவில்லை. காசு குடுத்து மாத்திப்புட்டாய்ங்க என்று மேசையைத் தட்டினார். ஆய்வகத்துப் பெண்ணைப் பார்த்து, ஒன்னைய எம் மக மாதிரி நெனச்சேனே என்றார். சாருலதா முகம் சுண்டிப்போய் வராந்தாவுக்கு வந்துவிட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

யாரோ எங்கேயோ செய்த மாதிரிக் கேட்டேன். டப்பாவை ஒருத்தர் துணி போட்டு மூடிவிட்டால் என்ன ஆகும்?

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நெறைய எடத்துல மூடுவாங்க. அழுக்காயிடும்னு. மூடக் கூடாதுன்னு நான் அன்னைக்குச் சொல்லியிருக்கணும், சொல்லல. உடனே ஒரு போன் வந்திருந்தா அந்த ஃபில்டரத் தூக்கிப் போட்டுட்டு மறுநாள் வேற மாட்டியிருப்பேன். அவ்வளவுதான் சார். ஃபாரத்துலயே அதுக்கு எடம் இருக்கு."

ஒப்பந்தத்தில் இருந்த வரியைச் சொன்னேன். அது வேண்டுமென்றே கெடுக்கிறவர்களுக்கு, தெரியாமல் செய்கிறவர்களுக்கு இல்லை, அதிகாரியிடம் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார் என்றாள். இப்போது சொன்னால்? ரிப்போர்ட்டில் கையெழுத்தாகிவிட்டது, அதிகாரி மனது வைத்தால்தான் உண்டு, ஆனால் அதிகாரி கேட்டால் நான் உண்மையைச் சொல்வேன் என்றாள்.

அறைக்குத் திரும்பினேன். உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் திரும்பினேன். வாசலில் குருபிரசாத் நின்றிருந்தார். கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வந்ததும் திரையை என் பக்கம் சாய்த்தார். சாக்குக் கூடத்து கேமரா. தேதியும் நேரமும் மூலையில் இருந்தன. மாவுப் புகைக்குள் கண்ணுச்சாமி நிற்கிறார். துண்டைப் பிழிகிறார். உதறி இரண்டாக மடிக்கிறார். காலரில் இருக்கிற டப்பாவின்மேல், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல மெதுவாகப் போடுகிறார்.

"தெரியாமத்தான் செஞ்சாருன்னு நீங்க சொல்லுவீங்க பாண்டிராஜ். இருபத்திரண்டு பேரும் பேசி வச்சுச் செஞ்சதுன்னு எங்க வக்கீல் சொல்லுவாரு. அந்தப் பெரியவர் கூண்டுல ஏறி நிக்கணும்." அவர் கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நான் அன்னைக்கே பாத்துட்டேன். நீங்களும் அன்னைக்கே தெரிஞ்சு வச்சிருந்தீங்க போல. ரெண்டு பேருமே சொல்லல."

மிரட்டினார் என்று சொல்ல முடியாது. கூட வேலை பார்க்கிறவனிடம் பேசுவது போலத்தான் பேசினார். அடுத்த வருஷம் அளக்கும்போதும் கண்ணுச்சாமி அண்ணனே போட்டுக்கொள்ளட்டும், அவர்தான் பொறுப்பான ஆள் என்று சொல்லிவிட்டு எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

உள்ளே முத்துமீனா கூடத்துக்குத் திரும்பச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பேனா எழுதவில்லை. அதிகாரி வேறு பேனா தேடிக் கொடுத்தார். வாயைத் திறக்க அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு. கண்ணுச்சாமி சுவரோரம் உட்கார்ந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைச் சந்தியில் நிறுத்தக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அந்த அறையில் யாராவது கேட்டுவிடுவார்கள் என்பது மீதிப் பாதி.

அந்த வாரத்திலேயே ரிப்போர்ட்டை லேமினேட் செய்து, வருகை பதிகிற டைம் ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். வாரம் ஒன்று கொடுத்துவந்த துணி மாஸ்க்கை நிறுத்தினார்கள். காற்று சரியாக இருக்கும்போது எதற்கு என்று கேட்டார்கள். கூடத்தில் இரண்டாவது குழாய்க்குத் தகரத்தில் ஓட்டை போட ஆள் வந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடித்து வெளியே வந்தேன். முத்துமீனா டைம் ஆபீஸ் சுவருக்கு முன்னால் நின்று ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் தெரியாது. நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பழைய சேலையில் கிழித்த துணி.

துண்டு போட்டு மூடியதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக யோசித்திருந்தேன். ஆரம்ப வார்த்தைகூடத் தயாராக இருந்தது. அதற்குள் அவள் திரும்பினாள்.

"ஏண்ணே, நெசமாவே இதுக்குள்ள ஒண்ணும் இல்ல போல. எனக்குத்தான் ஒடம்புல வேற ஏதோ இருக்கு. டாக்டரு தப்பாச் சொல்லிருப்பாரு, மனுசன்தான? மெசினு பொய் சொல்லாதுல்ல?"

அவள் குரலில் கோபம் இல்லை. தன் நெஞ்சின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டவள் மாதிரி, ஒரு கையை அங்கே வைத்துக்கொண்டு கேட்டாள். எக்ஸ்ரேயை வீட்டில் எங்கேயோ பரணில் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"சொல்லாது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். துணியை மூக்குக்கு மேல் இழுத்துப் பின்னால் முடிச்சுப் போட்டாள். கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்குகள் எரிவது தெரிந்தது, ஆட்கள் தெரியவில்லை. குழாய் வாயிலிருந்து கண்ணுச்சாமி, சீக்கிரம் வா தாயி, சாக்கு நெறையுது என்று கூப்பிடுவது மட்டும் கேட்டது. அவள் அந்தக் குரலைப் பார்த்து நடந்தாள். நாலு எட்டு வைக்கும்வரை அவள் முதுகு தெரிந்தது.