மரச்சீனி மெஷினின் கோணல் வாய்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. வளரும் நாடுகளுக்குத் தொழில்நுட்பம் போய்ச் சேருவதைப் பற்றி ஒரு கருத்தரங்க மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். "தொழில்நுட்பப் பரிமாற்றம் என்பது முன்னேறிய நாட்டிலிருந்து பின்தங்கிய நாட்டுக்கு" என்று எழுதினேன். வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. எழுந்து பழவங்காடிக் கடைத்தெருவுக்குச் சிப்ஸ் வாங்கப் போனேன்.

அங்கே எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் ஓர் ஆப்பிரிக்கப் பெண் நின்றுகொண்டிருந்தாள். மரச்சீனிச் சிப்ஸ் (மரவள்ளிதான், எங்கள் பக்கம் மரச்சீனி) ஒன்றை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் கனத்தை ஆராய்ந்தாள். கூட வந்த நம்மூர்ப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் காசு வாங்காமலே இன்னொரு கை அள்ளிக் கொடுத்தார்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் புனைவு. கட்டுரை இன்னும் அந்த அரை வாக்கியத்திலேயே நிற்கிறது.

2.

முதல் தொடக்கம்: "கரமனை ஆற்றின் மேல் விடியலின் பொன்னொளி பரவ..." வேண்டாம். என் பட்டறைக்காரி ராகேலுக்கு ஆற்றைப் பார்க்க நேரமில்லை.

இரண்டாவது: "கண்ணீரோடு வந்திறங்கினாள் உபெண்டோ." இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது: ராகேலுக்குக் கரமனையில் ஒரு பட்டறை இருக்கிறது. மரச்சீனிக் கிழங்கை மெல்லிய வட்டங்களாகச் சீவும் மெஷின் செய்கிறாள். வரைவதும் வெட்டுவதும் வெல்டிங் பிடிப்பதும் அவள். ஆர்டர் பிடிப்பது அண்ணன் ஞானசிகாமணி. இருவரும் எல்லையோரப் பாறசாலைக்காரர்கள், வீட்டில் பேசுவது தமிழ். போன வருடம் தான்சானியாவில் ஒரு பெண்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கப்பலில் சில மெஷின்கள் அனுப்பியிருந்தார்கள். அந்தச் சங்கத்தின் தலைவிதான் உபெண்டோ. இப்போது நேரிலேயே வருகிறாள். பெரிய ஆர்டராகத்தான் இருக்கும் என்று அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

இது நிற்கும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

வந்ததும் உபெண்டோ ராகேலைக் கட்டிப்பிடித்து, "டாடா!" என்றாள்.

ஞானசிகாமணி பதறிப்போனார். "என்ன மக்ளே, வந்த காலோட கிளம்புதாளா? சாயாகூட குடிக்கலியே!"

அவள் மொழியில் டாடா என்றால் சகோதரி என்று விளங்கியதும், எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். அந்தச் சிரிப்பு சாயா ஆறும்வரைகூட நிலைக்கவில்லை.

"எங்களுக்கு இனி மெஷின் வேண்டாம்," என்றாள் உபெண்டோ.* "மெஷினின் வரைபடம் வேண்டும். இரும்பு எங்கள் ஊரிலேயே இருக்கிறது, வெல்டிங் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். வெறும் சட்டகத்துக்கு எதற்குக் கப்பல் கூலி? பிளேடுத் தட்டை மட்டும் உங்களிடம் வாங்கிக்கொள்கிறோம். படத்துக்கு உரிய விலையும் தருகிறோம்."

(* அவள் பேசியது ஆங்கிலம், நடுநடுவே சுவாஹிலி. ராகேல் பேசியது ஆங்கிலம், நடுநடுவே மலையாளம். தமிழாக்கித் தருவது நான். பிழையும் என்னுடையதே.)

அண்ணன் தங்கையை வாசலுக்கு அழைத்துப் போனார். "படம் போனா தொழிலும் போச்சு, கேட்டியா? இன்னைக்குப் படம் கேப்பா. நாளைக்கு அவளே நமக்குக் கப்பல்ல மெஷின் அனுப்புவா."

எத்தனையோ தகடுகளைப் பாழாக்கி, கை சுட்டு, ராகேலே கண்டடைந்த படம் அது. அண்ணன் சொல்வதில் நியாயம் இருந்தது.

4.

முதல் வரைவில் உபெண்டோ அழுதது இந்த இடத்தில்தான். "எங்கள் ஏழைப் பெண்களுக்கு உதவுங்கள்" என்று கைகூப்பவும் வைத்திருந்தேன். வாசித்துப் பார்த்தேன், கூசியது. பழவங்காடியில் நான் கண்டது கெஞ்சுகிற முகமே அல்ல. வாங்க வருகிறவள் என்றால் கையேந்துகிறவள்தான் என்று என் பேனா எங்கே படித்ததோ! மொத்தப் பக்கத்தையும் அடித்துவிட்டேன்.

(மரச்சீனியே பிரேசிலிலிருந்து கப்பலேறி இரண்டு கரைக்கும் வந்த விருந்தாளிதான். அது எங்கள் ஊர்க் கிழங்கு, இல்லை எங்கள் ஊர்க் கிழங்கு என்று இவர்கள் இருவரும் போட்ட சண்டையை எழுத ஆரம்பித்தால்... விடுங்கள், இடம் போதாது.)

திருத்திய உபெண்டோ கெஞ்சவில்லை. குறை சொன்னாள்.

"டாடா, உன் மெஷின் நன்றாக வெட்டுகிறது. ஆனால் அதற்குச் சாப்பிடத் தெரியவில்லை."

5.

ராகேலுக்குச் சுருக்கென்றது. "இங்க யாரும் அப்படிச் சொன்னதில்லையே!"

"இங்கே கிழங்கை இளசிலேயே பறித்துவிடுகிறீர்கள். எங்களுடையது இரண்டு வருடம் மண்ணில் கிடக்கும். தொடை கனம் இருக்கும், கோணலும் மாணலுமாக இருக்கும். உன் மெஷினின் வாய் நேர்க்குழாய். அதற்குள் போகும் அளவுக்கு நறுக்கித் தருவதற்கே மெஷினுக்கு இரண்டு பேர் அரிவாளோடு நிற்கிறார்கள்."

ராகேல் நம்பவில்லை. நெடுமங்காட்டில் யாரோ பறிக்க மறந்துபோன முற்றல் கிழங்குகளை வரவழைத்தாள். ஒன்றை மெஷினில் போட்டாள். கிழங்கு பாதியில் சிக்கிக்கொண்டது. மோட்டார் உறுமி நின்றது.

"அரிவாளே போதுமே, பின்ன எதுக்கு இந்தச் சனியன்!" என்று தன் மெஷினைத் தானே திட்டினாள்.

உபெண்டோ சாக்குக்கட்டியை எடுத்துத் தரையில் வரைந்தாள். நீளவாக்கில் அகன்ற வாய். ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கிழங்கு தன் கனத்திலேயே சறுக்கி இறங்கும் என்றாள். அதை மாதக்கணக்காக மனத்தில் சுமந்துகொண்டு திரிந்தாளாம். ராகேல் முகமூடியை மாட்டிக்கொண்டு பழைய வாயை அறுத்தெறிந்தாள்.

முதல் சோதனையில் கிழங்கு சறுக்கியது, ஆனால் சறுக்கிய வேகத்தில் துள்ளவும் செய்தது. பணியாரக் கனத்தில் ஒரு துண்டு பறந்துபோய் அண்ணனின் புதுச்சட்டையில் அப்பியது. உபெண்டோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராகேல் சிரித்துக்கொண்டே யோசித்தாள். துள்ளுகிற கிழங்கை அமுக்கிப் பிடிக்க உள்ளே ஒரு ஸ்பிரிங் தகடு வைத்தால்?

வைத்தாள். அடுத்த கோணல் கிழங்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மறுபக்கம் வெள்ளை வட்டங்கள் மழையாகக் கொட்டின. இரண்டு பெண்களும் ஆளுக்கொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அதன் வழியே விரல் தெரிந்தது.

6.

எல்லோரையும் முந்திக்கொண்டு அண்ணன் குதித்தார். "இனி நம்ம மெஷினுக்கெல்லாம் இந்த வாய்தான்! இடுக்கிக்காரங்க முத்தல் கிழங்குக்கு எத்தனை தடவை கேட்டிருக்காங்க, நான்தான் ஒங்கிட்டச் சொல்லாம விட்டேன்!"

"நல்லது," என்றாள் உபெண்டோ. "படத்துக்கு என்ன தருவீர்கள்?"

"எந்தப் படத்துக்கு?"

"இந்த வாயின் படத்துக்கு. வாய் என்னுடையது."

"ஒரு சாக்குக் கோட்டுக்கா?"

"வெறும் சாக்குக் கோடுதானே? அழித்துவிடட்டுமா?" என்று அவள் படத்துக்கு மேலே பாதத்தை நீட்டினாள்.

"ஐயோ, வேண்டாம் வேண்டாம்!" என்று ஞானசிகாமணி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். பாய்ந்த பிறகுதான் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது.

ராகேல் சிரித்துத் தீர்த்துவிட்டுச் சொன்னாள். "அண்ணே, மாத்திக்கிடலாம். அவ வாய் நமக்கு, நம்ம படம் அவளுக்கு. காசு வேண்டாம்."

"அப்போ ஸ்பிரிங்?"

"ரெண்டு பேருக்கும்."

"பிளேடு?"

"நம்மகிட்ட வாங்குவா. அவளே செய்யப் படிக்கிறது வரைக்கும்."

அண்ணன் நெடுநேரம் சட்டையைத் துடைத்தார். "செரி. அப்போ நம்ம பிளேடு என்னைக்கும் அவ பிளேடைவிட நல்லா இருக்கணும். அது ஒன் பொறுப்பாக்கும்."

கொடுத்தால் கை வெறுமையாகிவிடும் என்றுதான் ராகேல் பயந்திருந்தாள். படத்தை விரித்து ஒவ்வொரு கோடாக விளக்கியபோது, சிலவற்றை ஏன் அப்படிச் செய்தோம் என்பது அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. இரண்டு இடங்களில் பேச்சை நிறுத்திப் படத்தையே திருத்தினாள். உபெண்டோ விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தனை நன்றாகக் கேட்கிற ஓர் ஆள் இதுவரை ராகேலுக்குக் கிடைத்ததில்லை.

7.

முடிவு ஒன்று: சில வருடங்கள் கழித்துத் தான்சானிய மெஷின் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மலிவு விலைக்கு வந்து இறங்குகிறது. அண்ணன் வாக்கு பலிக்கிறது. சோகமாக முடிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் ராகேல் அதை வாங்கிக் கழற்றி, உள்ளே பார்த்து, "அட, இது நல்லாருக்கே!" என்றுவிட்டாள். சோகம் அங்கேயே கவிழ்ந்துவிட்டது.

முடிவு இரண்டு: மேடை, நாடா, கைதட்டல், ஓர் அமைச்சர்... வேண்டாம்.

மிஞ்சுவது இதுதான். கோணல் வாய் வைத்த முதல் மெஷின், மாதிரிக்காக உபெண்டோவின் ஊருக்குப் புறப்படுகிறது. வாசலில் லாரி நிற்கிறது. பக்கவாட்டுத் தகட்டில் பெயர் எழுத ராகேல் தூரிகையை நனைத்துவிட்டாள். "நம்ம பட்டறை பேரு" என்கிறார் அண்ணன். "எங்கள் சங்கத்தின் பெயர்" என்கிறாள் உபெண்டோ. உபெண்டோ என்றால் அன்பு என்று அர்த்தமாம். அதையே எழுதலாமா என்கிறாள் ராகேல்.

"அன்புன்னு எழுதுனா எவன் மெஷின் வாங்குவான்?" என்கிறார் அண்ணன்.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். மூவரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும், கொஞ்சம் சீக்கிரம். பெயின்ட் சொட்ட ஆரம்பித்துவிட்டது.