பொந்தியான் பெஞ்சின் நீளம்

1927ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் மலாயாவின் பொந்தியான் கடைத்தெருவில் கிடந்த ஒரு மரப்பெஞ்சு மூன்றடி வளர்ந்தது. அதே மாதம் முட்டை விலையும் ஏறியிருந்ததால் ஊரில் முட்டையைப் பற்றித்தான் பேச்சு. பெஞ்சுக்கு உரிமையாளர்கள் நால்வர்: சலவைக்கடை அர்ச்சுனன், கடிதமும் மனுவும் எழுதிக்கொடுக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் வைத்தியலிங்கம், முடிதிருத்தும் சபாபதி, காப்பி விற்கும் கிருஷ்ணம்மா. முதல் மூவருக்கும் வரிசையாக மூன்று கடைகள் உண்டு. கிருஷ்ணம்மாவுக்குக் கடை கிடையாது. பெஞ்சின் கடைசி முனையும் அதை ஒட்டிய மண்ணடுப்பும்தான் அவள் கடை.

தனித்தனியாகத் தொழில் செய்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் பால்மரத் தொழிலாளி, நால்வரில் ஒருவரிடம் காத்திருந்து அலுத்துப்போனால், மற்ற மூவரிடமும் போகமாட்டான், கள்ளுக்கடைக்குப் போய்விடுவான். ஆகவே நால்வரும் சேர்ந்து சீனத் தச்சரிடம் ஒரே பெஞ்சு செய்து, கடைகளுக்கு முன்னால் மக்கள் நடக்க விட்டிருந்த அஞ்சடி நடைபாதையில் போட்டார்கள். வந்தவன் முதல் முனையில் உட்கார்ந்து அழுக்குச் சட்டையை அர்ச்சுனனிடம் கொடுப்பான். நகர்ந்து வைத்தியலிங்கத்திடம் ஊருக்குக் கடிதம் சொல்வான். மேலும் நகர்ந்து சபாபதிக்கு முகத்தைக் கொடுப்பான். சவரத்தின்போதுதான் மனிதனுக்கு மறந்ததெல்லாம் ஞாபகம் வரும் என்பதால், "கிராணி ஐயா, இவரு தங்கச்சி கல்யாணத்த விட்டுட்டாராம், எழுதிருங்க!" என்று சபாபதி வைத்தியலிங்கத்தைப் பார்த்துக் கத்துவார். கடைசி முனையில் காப்பி குடித்து முடிப்பதற்குள் பாதி ஈரத்தில் தேய்த்த சட்டை வந்துவிடும். கள்ளுக்கடைக்காரர் மட்டும் இந்த ஏற்பாட்டைக் குறை சொன்னார்.

பெஞ்சு ஏன் வளர்ந்தது என்று யாரும் ஆராயவில்லை. எப்படி வளர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்திருப்பவன், "வாங்க, இன்னும் ஒரு ஆளு உக்காரலாம்" என்று மனதாரத் தள்ளி உட்கார்ந்தால் ஓர் ஆள் அகலம் நீளும். முணுமுணுத்துக்கொண்டு தள்ளினால் அரை ஆள். ஒவ்வொரு முறையும் கிருஷ்ணம்மா பழந்துணியால் அடுப்பைப் பிடித்து அந்தப் பக்கமாக நகர்த்திவைப்பாள். வைத்தியலிங்கம் மட்டும் ஒருநாளும் தள்ளியதில்லை. அரசாங்கக் கந்தோரில் இருபது வருடம் கிராணியாக, எழுத்துவேலை பார்த்துக் கதிரையில் இருந்தவர். பெஞ்சில் இருப்பதே பெரிய இறக்கம் என்று நினைத்தார். மற்றவர்கள் எழுந்து, அவரைச் சுற்றிக் கடந்து, மறுபக்கம் உட்கார்ந்துகொண்டார்கள்.

1931இல் பெஞ்சு நாற்பத்தோர் அடியாகிப் பக்கத்துக் கடைகளைத் தாண்டியபோது, அஞ்சடி ஒழுங்கு இலாகா என்ற ஒன்றிலிருந்து ஓவசியர் அம்பிகைபாகன் வந்தார். பெஞ்சை அகற்ற வேண்டும், கடை உள்ளவர்கள் உள்ளே நாற்காலி போட்டுக்கொள்ளலாம் என்றார். வைத்தியலிங்கத்திடம் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, நாங்கள் ஒரு ஊர் ஆக்கள். உங்களுக்குக் கைப்பிடி வைச்ச கதிரைக்கே அனுமதி தாறன். இந்தச் சனத்தோட ஏன் இடிபடுறியள்?" என்று கேட்டார்.

"அலமாக், நாற்காலியா?" என்று மலாய்க்காரரைப் போல வியந்தார் சபாபதி.

"எனக்கு உள்ள போட நாற்காலியும் இல்ல, போடுறதுக்கு உள்ளயும் இல்ல" என்றாள் கிருஷ்ணம்மா.

"அக்கா காப்பி இல்லாம, என் கடையில எவன் சட்ட காயுற வரைக்கும் வெறும் உடம்போட உக்காருவான்?" என்றார் அர்ச்சுனன். அவரும் சபாபதியும் நாற்காலி வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். வைத்தியலிங்கம் கைப்பிடி எந்த மரம் என்று விசாரித்தார்.

அடுத்த புதன்கிழமை அம்பிகைபாகன் அளவுநாடா, படிவம், ஒரு பியூன் ஆகியவற்றோடு வந்தார். படிவத்தில் 'இடையூற்றின் நீளம்' என்ற கட்டம் நிரம்பினால்தான் உத்தரவு செல்லும். எல்லோரையும் எழுந்திருக்கச் சொன்னார். காலிப் பெஞ்சு வளராது. வைத்தியலிங்கம் மட்டும், கதிரை கிடைக்கப்போகிறவர் என்ற மரியாதையில், எழுப்பப்படவில்லை. நாடா நாற்பத்தோர் அடி காட்டியது. அம்பிகைபாகன் பேனாவைத் திறந்தார். கிருஷ்ணம்மா ஒரு குவளையைக் கொண்டுவந்து வைத்தியலிங்கத்தின் அருகே வைத்தாள்.

"குடிச்சிருங்க, கிராணி ஐயா. அடுப்ப அணைக்கப் போறேன்."

வைத்தியலிங்கம் குவளையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பெஞ்சு போய்விட்டால் அந்த அடுப்பு எங்கே போகும் என்று யோசித்ததாகத் தெரிகிறது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நிண்டுகொண்டு எழுதினா எழுத்துக் கோணும். இதிலை இருங்கோ, நான் தள்ளி இருக்கிறன்."

தள்ளினார். நான்கு வருடம் நகராத மனிதர் நகர்ந்ததால் பெஞ்சு ஒரே மூச்சில் ஒன்பதடி நீண்டது. மறுமுனையில் நாடாவைப் பிடித்திருந்த பியூன் இழுபட்டுப் போய் அடுப்பைத் தாண்டி நின்றார்.

"அண்ணை! இதென்ன கூத்து?"

"நீங்கள் திருப்பி அளவுங்கோ. பிழையான நீளம் போட்டா உத்தரவு செல்லாது. இருபது வருசம் இந்தப் படிவத்தோடதானே கிடந்தனான்."

அம்பிகைபாகன் ஐம்பது அடி என்று அளந்து எழுத நிமிர்ந்தபோது சபாபதி உட்கார்ந்து, "வாங்க சார், எடம் இருக்கு" என்று தள்ளினார். ஐம்பத்திரண்டு. அர்ச்சுனன் தள்ளினார். பியூனும் களைத்து உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் தள்ளினார். மாலையில் அறுபத்தெட்டு அடியில் ஓவசியரும் பியூனும் காப்பி குடித்தார்கள்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் புதன்கிழமை ஓவசியர் அளக்க வருகிறார். கட்டம் இன்னும் நிரம்பவில்லை. 1934இல் பெஞ்சு வளைந்து வளைந்து படகுத்துறையைத் தொட்டது. கிருஷ்ணம்மாவின் அடுப்பு இப்போது கடற்காற்றில் எரிகிறது, படகோட்டிகள் அவளிடம்தான் குடிக்கிறார்கள். படகுக்குப் போகிறவர்கள் அர்ச்சுனன் கடை முன்னால் உட்கார்ந்து, தள்ளித் தள்ளி, துறைக்குப் போய்ச் சேர்கிறார்கள். நடந்தால் சீக்கிரம் போகலாம். ஆனால் சவரமும் ஆகாது, சட்டையும் வெளுக்காது.